பூநாரையின் நிறம் எங்கே மாறுகிறது?

பூநாரை சிவப்புப் பறவை அல்ல. பழவேற்காடு ஏரியில் தண்ணீர் இறங்கிச் சேறு தலைகாட்டும் தை, மாசி மாதங்களில் அதை முதன்முறை நேரில் பார்ப்பவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். உடம்பு கிட்டத்தட்ட வெள்ளை. உற்றுப் பார்த்தால்தான் அந்த வெள்ளைக்குள் மெலிதாக ஓர் இளஞ்சிவப்பு ஓடுவது தெரியும். இறக்கையை விரிக்கும்போது மட்டும் உள்ளே மறைந்திருந்த அடர்சிவப்பும் ஓரத்துக் கறுப்பும் வெளியே வரும். இளம் பறவைகளிடம் அதுவும் இல்லை. சாம்பல் நிறமாகவே நிற்கும். இந்தச் சிவப்பு தின்னும் தீனியிலிருந்து வருவது. சேற்று நீரில் வடிகட்டித் தின்னும் நுண்ணுயிர்களிலும் பாசிகளிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள்தான் இறகில் ஏறுகின்றன. அதனால் ஒரே கூட்டத்தில்கூட இரண்டு பறவைகள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.

அதே பறவையின் படத்தை வீட்டுக் கணினியில் திறந்தால் பஞ்சுமிட்டாய் நிறத்தில் நிற்கிறது. நண்பரின் மடிக்கணினியில் மஞ்சள் பாய்ந்து தெரிகிறது. கைபேசியில் கண்ணைப் பறிக்கும் ரோஸ். ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வாங்கினால் எல்லாம் மங்கி, ஏரித் தண்ணீர் கறுத்து வருகிறது. கேமரா தவறா, திரை தவறா, கண் தவறா என்று புரியாமல், கைக்குக் கிடைத்த பொத்தானையெல்லாம் திருகிக் கடைசியில் முன்பைவிட மோசமான நிலையில் விட்டுவிடுகிறோம்.

இதைப் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெரிய பூநாரையையும் சிறிய பூநாரையையும் பிரித்தறிய அலகின் நிறம் முக்கியமான அடையாளம். பெரியதற்கு வெளிறிய அலகு, நுனி மட்டும் கறுப்பு; சிறியதற்கு அலகு முழுக்கவே கருஞ்சிவப்பு. நிறத்தைக் கூட்டிக் காட்டும் திரையில் உட்கார்ந்து பறவைக் கணக்கெடுப்புப் படங்களைப் பார்ப்பவர் பிழையான பெயரை எழுதிவிட முடியும். பழவேற்காட்டுப் பெண்கள் சாயமேற்றிய பனையோலையில் முடையும் கூடையைப் படம் பிடித்து வெளியூருக்கு விற்பவருக்கு, 'படத்தில் பார்த்த நிறம் இல்லையே' என்று திரும்பி வரும் பொட்டலம் நேரடியான நஷ்டம்.

வெளிறிய நிறங்களின் சோதனை

பசியாவரம், இடமணி போன்ற தீவுக் கிராமங்களைச் சுற்றியுள்ள ஏரியில் பார்க்கக் கிடைக்கும் நிறங்களை எண்ணிப் பாருங்கள். சாம்பல் சேறு. வெள்ளி மடவை. உரிக்காத வெள்ளை இறால். நடுப்பகலில் வெளுத்துப்போன வானம், அதையே காட்டும் தண்ணீர். எல்லாமே வெள்ளைக்கும் சாம்பலுக்கும் பக்கத்தில் நிற்கும் நிறங்கள். மோசமான திரை முதலில் கோட்டைவிடுவதும் இவற்றைத்தான்.

காரணம் எளிது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு. பூநாரையின் உடம்பில் ஓர் இடம் சிவப்பு 244, பச்சை 225, நீலம் 222 என்று பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஏறக்குறைய சமம். சிவப்பு சற்றே மிஞ்சியிருப்பதுதான் அந்த இளஞ்சிவப்பு. மானிட்டர் நீலத்தை மட்டும் ஒரு பன்னிரண்டு படி குறைத்துக் காட்டினால் பறவை மஞ்சள் கலந்த பீச் நிறமாகிவிடும். பச்சையைக் குறைத்தால் ரோஸ் ஏறிவிடும். பிளாஸ்டிக் குடத்தின் கெட்டிச் சிவப்பில் இதே பன்னிரண்டு படி பிசகினால் யார் கண்ணுக்கும் தெரியாது. திரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பளபளப்பான பூப்படங்களைத் திறப்பவர்கள் அதனால்தான் திருப்தியோடு எழுந்து போகிறார்கள்.

இன்னொரு சிக்கல், கண்ணை நம்ப முடியாது. மாலையில் மஞ்சள் பல்பு எரியும் வீட்டுக்குள் நுழைந்த சில நிமிடங்களில் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரியத் தொடங்கிவிடும். சூழலின் ஒளிக்கு ஏற்ப எது வெள்ளை என்பதைக் கண்ணும் மூளையும் சேர்ந்து மாற்றிக்கொள்கின்றன. வாழ்க்கைக்கு இது பெரிய வசதி. மானிட்டர் திருத்துபவருக்குப் பெரிய தொல்லை. நீலம் மிகுந்த திரையை அரை மணி நேரம் பார்த்தால் அதுவே வெள்ளை ஆகிவிடும். பிறகு சரியான அமைப்புக்கு மாற்றினால் ஐயோ மஞ்சள் என்று பழையதற்கே ஓடுவோம். நம் வீடுகளில் பச்சை, நீலம், ரோஸ் என்று அடிக்கும் சுவர் வண்ணங்களும் திரையின் மேல் தம் சாயலைப் பூசுகின்றன. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கின் கீழ் ஒரு நிறம், 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யின் கீழ் வேறு நிறம். ஏ4 தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடும் வழக்கமும் உதவாது. அந்தத் தாள்களில் வெண்மை கூட்டச் சேர்க்கும் ரசாயனம் பகல் வெளிச்சத்தில் நீலம் காட்டும்.

ஆகவே எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் இவற்றைச் செய்துவிட வேண்டும். மானிட்டரை அரை மணி நேரம் எரிய விடுங்கள். சன்னல் வெளிச்சம் திரையில் நேராக விழாதபடி திருப்புங்கள். ஒரே விளக்கை ஒரே அளவில் வைத்திருங்கள். திரையின் பின்னணிப் படத்தை எடுத்துவிட்டு நடுத்தரச் சாம்பலாக்குங்கள்.

எங்கே பிசகுகிறது என்று பிரித்தறிவது

கோளாறு பார்ப்பதில் பாதி வேலை இடத்தைக் கண்டுபிடிப்பது. கோப்பில் உள்ள எண் முதல் கண்ணில் விழும் ஒளி வரை வழியில் பல கைகள் மாறுகின்றன: படம் காட்டும் மென்பொருள், விண்டோஸ், கிராபிக்ஸ் கார்டு, கேபிள், மானிட்டர். எந்தக் கையில் நிறம் மாறியது?

ஒரே படத்தை இரண்டு மூன்று மென்பொருள்களில் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் நிறம் வேறாக இருந்தால் மானிட்டரைத் தொடவே வேண்டாம். அந்த மென்பொருள் நிறத் தகவலைப் படிக்கும் விதத்தில்தான் வேறுபாடு. எல்லாவற்றிலும், ஐகான்களிலும் மெனுக்களிலும்கூட, ஒரே சாயல் படிந்திருந்தால் அடுத்த சோதனை: ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே சாயல் இல்லையென்றால் படம் கணினிக்குள் சுத்தமாகவே இருக்கிறது. கோளாறு அதைத் தாண்டி, கிராபிக்ஸ் கார்டின் திருத்த அட்டவணையிலோ கேபிளிலோ மானிட்டரிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

திரை முழுக்க மஞ்சளாக இருந்தால் முதல் சந்தேகம் விண்டோஸின் நைட் லைட். மாலையானால் தானாக நீலத்தைக் குறைக்கும் இந்த வசதி பலருக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். ஆப்பிள் கணினியில் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் என்று இரண்டு உண்டு. அடுத்து மானிட்டரின் சொந்த மெனு. 'விவிட்', 'சினிமா', 'ஈகோ', டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாம் கடையில் பளிச்சென்று காட்டவும் மின்சாரம் மிச்சம் பிடிக்கவும் வைத்தவை. முதலில் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். பிறகு 'ஸ்டாண்டர்டு' அல்லது 'எஸ்ஆர்ஜிபி' என்ற நிலையில் வைத்து, நிற வெப்பநிலையை 6500 கெல்வினாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

பழைய மானிட்டர்கள் இன்னும் ஓடும் வீடுகளில் விஜிஏ கேபிளைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஊசி. சிவப்பு ஊசி தொடர்பு விட்டால் திரை நீலப்பச்சையாகும், பச்சை ஊசி விட்டால் ரோஸ் கலந்த ஊதாவாகும். உப்புக் காற்று அடிக்கும் கடலோர வீடுகளில் ஊசிகள் அரிப்பது வேகமாக நடக்கும். எச்டிஎம்ஐயில் வேறு வகைக் கோளாறு. சில கிராபிக்ஸ் கார்டுகள் மானிட்டரைத் தொலைக்காட்சி என்று நினைத்து 0 முதல் 255 வரையான அளவை 16 முதல் 235 வரைக்குள் சுருக்கி அனுப்பும். கறுப்பு சாம்பலாகும், வெள்ளை அழுக்காகும், படம் முழுக்கப் புகை படிந்தாற்போல் இருக்கும். கார்டின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அவுட்புட் ரேஞ்சை 'ஃபுல்' என்று மாற்றினால் போதும். ஒளிர்வின் வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வசதியைத் தேவையில்லாமல் போட்டு வைத்தாலும் சாதாரணப் படங்கள் இதே போல வெளிறும்.

எல்லாவற்றிலும் பலரைச் சுற்றவிடும் கோளாறு ஒன்று உண்டு. டெஸ்க்டாப் வெள்ளையாக இருக்கிறது, மெனுக்கள் சரியாக இருக்கின்றன, ஆனால் புகைப்படம் காட்டும் மென்பொருளில் மட்டும் வெள்ளையெல்லாம் மஞ்சள். மானிட்டருக்கென்று விண்டோஸ் தானாக நிறுவிக்கொண்ட ஐசிசி ப்ரொஃபைல் பழுதாகவோ பொருந்தாததாகவோ இருப்பதுதான் இதற்குக் காரணம். ப்ரொஃபைல் என்பது அந்த மானிட்டரின் குணத்தைச் சொல்லும் ஒரு சிறு கோப்பு. இந்த முறையை வகுக்கத்தான் 1993இல் சர்வதேச வண்ணக் கூட்டமைப்பான ஐசிசி தொடங்கப்பட்டது. கோப்பைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் அதில் உள்ள தவறான தகவலை நம்பித் திருத்துகிறது; படிக்கத் தெரியாதது அப்படியே காட்டிவிடுகிறது. அதனால்தான் நல்ல மென்பொருள் கெட்டதாகத் தோன்றுகிறது. கலர் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, பொருந்தாத ப்ரொஃபைலை நீக்கி, பொதுவான எஸ்ஆர்ஜிபியை இயல்பாக வைத்துவிட்டு மென்பொருளை மூடித் திறவுங்கள். மஞ்சள் போய்விடும்.

இதற்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால், செலவில்லாத அடுத்த படி விண்டோஸ் 7 முதல் உள்ளேயே இருக்கும் 'கேலிபரேட் டிஸ்ப்ளே கலர்'. காமா, பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், சாம்பல் சமநிலை என்று ஒவ்வொரு கட்டமாகக் கேட்கும். பிரைட்னஸ் கட்டத்தில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் படம் வரும். கோட்டும் சட்டையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், பின்னணியில் உள்ள பெருக்கல் குறி தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். அதுவரை பொறுமையாகச் செய்தால் பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். சாம்பல் சமநிலைக் கட்டத்தை மட்டும் கண்ணால் செய்ய வேண்டாம் என்பேன். கண் எப்படிப் பழகிக்கொள்ளும் என்பதைப் பார்த்தோம். அந்தக் கட்டத்துக்குக் கருவிதான் வேண்டும்.

ஏரிக்கு அந்தக் கரையில்

அளவெடுத்து நிறம் பார்க்கும் கலை பழவேற்காட்டுக்குத் தொலைவில் இல்லை. ஏரியையும் வங்காள விரிகுடாவையும் பிரித்து நிற்கும் நிலம் ஸ்ரீஹரிகோட்டா. கடலின் நிறத்தைப் பார்ப்பதற்கென்றே செய்த கருவிகள் அங்கிருந்துதான் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளில் போயின. 1999 மே 26இல் ஓஷன்சாட்-1, 2009 செப்டம்பர் 23இல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பர் 26இல் இ.ஓ.எஸ்-06. முதல் இரண்டில் இருந்த கருவி எட்டு அலைவரிசைகளில் பார்த்தது, மூன்றாவதில் பதின்மூன்று.

பாசி மிகுந்த கடல்நீர் பச்சை சாயும், பாசியற்றது நீலமாக இருக்கும். பாசி இருக்கும் இடத்தைத் தேடி அதைத் தின்னும் உயிர்கள் வரும், அவற்றைத் தேடி மீன் வரும். இந்த நிறத்தையும் நீரின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடல் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. ஆனால் விண்வெளியில் இருந்து பார்க்கும் கருவிக்குப் போய்ச் சேரும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று மண்டலம் சிதறடித்தது. கடலுடையது ஒரு பங்குதான். கருவி மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று பிசகினால், கடலின் பங்கில் அது நூற்றுக்குப் பத்தாக வளர்ந்துவிடும். இந்தப் பிசகைப் பிடிக்க லட்சத்தீவின் கவரத்தி அருகே கடலிலேயே மிதவைக் கருவி வைத்து, வானில் இருப்பது சொல்வதையும் நீரில் இருப்பது சொல்வதையும் ஒப்பிட்டார்கள். டீசல் செலவு செய்து படகை எந்தப் பக்கம் திருப்புவது என்ற முடிவு அந்த ஒப்பீட்டை நம்பியிருக்கிறது.

வீட்டு மேசையில் இதே வேலையைச் செய்வது கலரிமீட்டர். திரையின் மேல் படியும்படி தொங்கவிடும் சிறு கருவி. மென்பொருள் வரிசையாக நிறக் கட்டங்களைக் காட்டும், கருவி ஒவ்வொன்றையும் அளக்கும், கேட்டதற்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஒரு திருத்த அட்டவணையும் ப்ரொஃபைலும் உருவாகும். இலக்காக வெண்புள்ளி 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா என்று கொடுங்கள். இறுதியில் 'டெல்டா ஈ' என்று ஓர் எண் வரும். பிசகின் அளவு அது. சராசரி 2க்குக் கீழே இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு நிம்மதியாக விட்டுவிடலாம். கருவியோடு வரும் மென்பொருள் பிடிக்கவில்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் ஆர்கில் சிஎம்எஸ், அதன் மேல் இயங்கும் டிஸ்ப்ளேகேல் இரண்டும் பல கருவிகளோடு ஒத்துப்போகும்.

கருவி வாங்கிய பிறகும் சிலருக்குப் பச்சையோ ரோஸோ ஏறியே இருக்கும். பெரும்பாலும், மென்பொருளில் மானிட்டரின் பின்விளக்கு வகையைத் தவறாகத் தேர்ந்திருப்பார்கள். சாதாரண வெள்ளை எல்.இ.டி., அகன்ற நிறவெளி காட்டும் எல்.இ.டி., ஓஎல்இடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித் திருத்தம் உண்டு. கணினி தூங்கி எழுந்ததும் நிறம் பழையபடி மாறினால் திருத்த அட்டவணை கார்டிலிருந்து அழிந்திருக்கிறது என்று பொருள். அதை மீண்டும் ஏற்றும் சிறு நிரல் ஓடுகிறதா, இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய கருவிகளில் உள்ள வடிகட்டிகள் ஈரக் காற்றில் வெளுக்கும். கடன் வாங்கிய பத்து வருடக் கருவியை நம்பாதீர்கள். இரண்டு வேறு வகை மானிட்டர்களை ஒரே கருவியால் திருத்தியும் பக்கத்தில் வைத்தால் வெள்ளை ஒன்றாக இல்லையே என்பவர்களுக்கு ஒரு சொல்: பின்விளக்குகளின் ஒளி வேறு வேறு கலவை என்பதால் கருவிக்குச் சமமாகத் தெரிவது கண்ணுக்குச் சமமாகத் தெரியாமல் போவது இயல்பு. அதை அப்படியே விட்டுவிடலாம்.

இந்தக் கருவியின் விலை ஒரு சாதாரண மானிட்டரின் விலையை எட்டிவிடும். வருடத்துக்குச் சில முறை மட்டும் தேவைப்படும் பொருள். பறவை பார்க்கும் குழுக்களும் கைவினைக் கூட்டுறவுகளும் பொதுவில் ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடுவதுதான் நியாயமான வழி என்று நினைக்கிறேன்.

மாதிரித் துணி

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது துணிக்காக. சாயவேரில் ஊறிய சோழமண்டலச் சிவப்பு, தென்கிழக்கு ஆசியத் தீவுகளின் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகக் கப்பலேறியது. எந்தத் தீவுக்காரர் எந்தச் சிவப்பைக் கேட்கிறார் என்பதைக் கடிதத்தில் எழுதினால் போதவில்லை. மாதிரித் துணிகளையே அனுப்பி, அதைப் போல நெய்து சாயம் போடச் சொன்னார்கள். வாங்குபவர் கையிலும் சாயம் போடுபவர் கையிலும் ஒரே துண்டு இருந்ததால்தான் வியாபாரம் நடந்தது.

இப்போது அந்தத் துண்டின் இடத்தில் இருப்பவை இரண்டு. 1996இல் முன்மொழியப்பட்டு 1999இல் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபி நிறவெளி ஒன்று. 1976 முதல் புகைப்படக்காரர்கள் கையில் இருக்கும் 24 கட்ட நிற அட்டை மற்றொன்று. அட்டைக்குப் பணம் இல்லையென்றால் ஒரு சாம்பல் அட்டை போதும். ஓலைக்கூடையைப் படமெடுப்பவர் வாசல் நிழலில், பல்பு வெளிச்சம் கலக்காத இடத்தில் கூடையை வைத்து, முதல் படத்தில் மட்டும் அட்டையையும் சேர்த்து எடுக்கட்டும். கணினியில் வைட் பேலன்ஸ் கருவியால் அந்தச் சாம்பலைத் தொட்டு, கிடைத்த அளவையே மற்றப் படங்களுக்கும் கொடுக்கட்டும். ஏரியில் பறவையைப் படம் பிடிப்பவர் பூநாரையின் பக்கத்தில் அட்டை வைக்க முடியாது. அதே வெயிலில், படகின் பலகை மேல் அட்டையை வைத்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுத்திருந்தால், வெளியே அனுப்பும் முன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ப்ரொஃபைலைக் கோப்புக்குள் பதித்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பெறுபவரின் திரையில் நிறம் செத்துத் தெரியும்.

பிரிண்ட் கறுத்து வருகிறது என்று சொன்னேன். ஸ்டூடியோவைக் குறை சொல்லும் முன் மானிட்டரின் வெளிச்சத்தைப் பாருங்கள். கடையிலிருந்து வந்தபடியே முழு வெளிச்சத்தில் எரியும் திரை, காகிதம் ஒருபோதும் தர முடியாத பிரகாசத்தைக் காட்டுகிறது. அதைப் பார்த்து நாம் படத்தை இருட்டாக்கி அனுப்புகிறோம். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு அதே படத்தை மீண்டும் பாருங்கள். இருட்டு திரையிலேயே தெரியும். அந்தத் திரையை வைத்துத் திருத்தி அனுப்பும் அடுத்த பிரிண்ட்டில் சேறு சேறாகவும் தண்ணீர் தண்ணீராகவும் வரும்.

எல்லாம் சரியானதும் மானிட்டர் மெனுவில் உள்ள எண்களைத் தேதியோடு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மானிட்டரின் முதுகில் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது கிரிக்கெட் பார்ப்பதற்காக மாற்றிவிட்டால், திரும்ப வைக்க ஒரு நிமிடம் ஆகும்.